தாழ்ந்துகொண்டே வந்த கூரை

சுவீடன்காரர் ராபர்ட் டோபாலா 2013 ஆகஸ்டில் ஜியோமெட்ரி டேஷ் என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டபோது, அதில் பறப்பது ஓய்வு மாதிரி இருந்தது. முதல் லெவலான ஸ்டீரியோ மேட்னெஸில் முள் முள்ளாகத் தாண்டி வரும் சதுரம், பாதி வழிக்கு முன்பே ஒரு ஷிப்பில் ஏறிக்கொள்ளும். அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். தூண்களுக்கு நடுவே தாராளமான இடம்.

அந்த இடத்தைக் குறுக்கியவர்கள் ஆட்டக்காரர்களே. லெவல் எடிட்டர் கையில் இருந்ததால் ஆளாளுக்குக் கூரையைத் தாழ்த்தினார்கள். வெறும் கட்டை போதவில்லை. ஷிப் அதன் மேல் உரசிச் சறுக்கிக்கொண்டே போய்விடும், சாகாது. ஆகவே மேலும் கீழும் முள் பதித்தார்கள். நேர்கோட்டில் பறந்தே தீர வேண்டிய ஸ்ட்ரெயிட் ஃப்ளை பிறந்தது.

இதில் கஷ்டம் எங்கே என்றால், ஷிப்புக்குப் பழைய வேகத்தின் ஞாபகம் உண்டு. அழுத்திய உடனே அது ஏறாது. இறங்கிய வேகம் முதலில் கரைய வேண்டும். கரைகிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கூரை முள். மூக்கு சாய்வதற்கு முன்பே பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டே இருப்பதுதான் வழி. தாள ஆட்டம் என்று பெயர், ஆனால் இந்தத் தட்டலுக்கும் பாட்டின் அடிக்கும் சம்பந்தமே இல்லை. நான் பிராக்டிஸ் மோடில் பாட்டை அணைத்துவிட்டுத்தான் பழகுவேன். என் தம்பிக்கு இது பாவச்செயல்.

2014 நவம்பரில் 1.9 பதிப்பும் பிளாஸ்ட் பிராசஸிங் லெவலும் வேவ் என்ற இன்னொரு பறக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தன. அதற்கு ஞாபகமே கிடையாது. அழுத்தினால் சாய்வாக மேலே, விட்டால் சாய்வாகக் கீழே, அவ்வளவுதான். ஆனால் கட்டையில் பட்டாலே சாவு. ஷிப்பைவிட இது சுலபம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது; ஷிப்பில் விரலின் நடுக்கம் கொஞ்சம் மழுங்கும், வேவிலோ அப்படியே கோடாக விழும்.

சோப்ரோஸ் என்பவர் கட்டிய நைன் சர்க்கிள்ஸ் லெவலில் அந்தக் கோட்டைச் சிவப்பும் கருப்புமாக மின்னும் திரைக்குள் இழுக்க வேண்டும். அதைப் பார்த்து ஒரு லெவல் பரம்பரையே உருவானது. 2015 ஆகஸ்டில் ரயட் என்பவர் முடித்துக்காட்டிய பிளட்பாத்தும் அந்தப் பரம்பரைதான்; அன்றைக்கு அதைவிடக் கடினமான லெவல் இல்லை என்றார்கள்.

இப்படிப்பட்ட லெவல்களை முடிக்கத் திறமை மட்டும் போதுமா என்றால், இல்லை. ஆட்டம் ஒவ்வொரு ஃப்ரேமிலும்தான் விரலைக் கவனித்தது. நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும் போன்காரனைவிட 144, 240 திரைக்காரனுக்குத் தட்டும் இடங்கள் அதிகம். என்னைப் போன்ற போன்காரர்கள் இதைச் சாக்காகவும் சொல்லிக்கொண்டோம்.

2023 டிசம்பரில் 2.2 பதிப்பு ஸ்விங் என்ற பறக்கும் வடிவத்தையும் தந்தது. அதில் அழுத்திப் பிடிக்கும் வேலையே இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஈர்ப்பு தலைகீழாகும். எடிட்டர்காரர்கள் அதற்கும் உடனே முள் கூரை போட ஆரம்பித்துவிட்டார்கள்.