பின்னணியில் பதிவான வரலாறு: ‘பேக் டு த ஃபியூச்சர்’ திரைப்படத்தின் நுண்குறிப்புகளும் 1955 பற்றிய நினைவாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கத்தில் 1985 ஜூலையில் வெளிவந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’, காலப்பயணத் திரைப்படங்களுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்றாகும். இப்படத்தின் காட்சிப் பின்னணியில் இடம்பெறும் பெயர்ப்பலகைகள், கடைகள், விளம்பர ஊர்திகள், திரையரங்கு அறிவிப்புகள் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சிறுநகரின் முப்பதாண்டுப் பொருளாதார மாற்றத்தைப் படம் நுட்பமாகப் பதிவுசெய்கிறது என்பதும், இன உறவின் வரலாற்றைக் கதையோட்டம் நகைச்சுவையாகச் சுருக்கிவிடுகிறது என்பதும், அச்சுருக்கத்தை மறுக்கும் சான்று படத்தின் பின்னணியிலேயே உள்ளது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலப்பயணம், திரைப்படமும் வரலாறும், நினைவாக்கம், ஆப்பிரிக்க அமெரிக்கர், நகரச் சதுக்கம்.

முன்னுரை

காலப்பயணக் கதைகள் அறிவியல் புனைவு என வகைப்படுத்தப்படினும், அவற்றின் அடிப்படை வினா வரலாறு சார்ந்தது. கடந்தகாலம் எவ்வாறு நிகழ்காலமாயிற்று, அதனை மாற்றியவர் யார் என்பதே அவ்வினா. ‘பேக் டு த ஃபியூச்சர்’ திரைக்கதையின் தோற்றமும் இத்தகையதே. ஸெமெக்கிஸுடன் இணைந்து திரைக்கதை எழுதிய பாப் கேல், தம் தந்தையின் பள்ளி ஆண்டு மலரைக் கண்டபோது, தாம் அக்காலத்தில் அப்பள்ளியில் பயின்றிருந்தால் தந்தையோடு நட்புக் கொண்டிருப்போமா என எண்ணியதே கதைக்கு வித்தாயிற்று என்று கூறியுள்ளார்.

கலிஃபோர்னியாவின் ஹில் வேலி என்னும் கற்பனை நகரில் வாழும் இளைஞன் மார்ட்டி மெக்ஃப்ளை, 1985 அக்டோபர் 26 அன்று எம்மெட் பிரௌன் என்னும் அறிவியலாளரின் ஊர்தியில் 1955 நவம்பர் 5ஆம் நாளுக்குச் செல்கிறான். தன் பெற்றோரின் சந்திப்பு நிகழவிடாமல் தானே இடையூறாகிப் பின் அவர்களை இணைத்து, நவம்பர் 12 இரவு 10.04 மணிக்கு நீதிமன்ற மணிக்கூண்டில் இறங்கும் மின்னலின் ஆற்றலால் திரும்புகிறான். ரசிகர்களால் நெடுங்காலமாகத் தொகுக்கப்பட்டுவரும் இப்படத்தின் நுண்குறிப்புகள் பெரும்பாலும் வியப்புச் செய்திகளாகவே நின்றுவிடுகின்றன. அவற்றை ஒருசேர வைத்து நோக்கினால் அவை ஓர் ஆவணத் தொகுதியாக விளங்குவதைக் காணலாம்.

நகரச் சதுக்கம் என்னும் ஆவணம்

ஒரே நகரச் சதுக்கம் இருவேறு காலங்களில் காட்டப்படுவதே படத்தின் வரலாற்று உத்தி. யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்திலுள்ள சதுக்கத்தைக் கலை இயக்குநர் லாரன்ஸ் ஜி. பால் இரு காலங்களுக்கும் ஏற்ப வடிவமைத்தார். 1955இல் நீதிமன்றத்தின் முன் புல்வெளி உள்ளது. 1985இல் அவ்விடம் ஊர்தி நிறுத்துமிடமாகிவிட்டது. இளைஞர் கூடிய லூவின் சிற்றுணவகம் உடற்பயிற்சிக் கூடமாக மாறியுள்ளது. சதுக்கத்தின் ஒரு திரையரங்கு கிறித்தவச் சபைக் கூடமாகவும், மற்றொன்று வயதுவந்தோருக்கான படங்களைத் திரையிடும் அரங்காகவும் மாறியுள்ளன.

இம்மாற்றங்கள் அமெரிக்கச் சிறுநகரங்கள் பலவற்றின் வரலாற்றோடு பொருந்துவன. 1956 ஜூனில் கையொப்பமான கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் நாடு தழுவிய விரைவுச் சாலைகளுக்கு வழிவகுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் மின்னசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில், முழுவதும் கூரையிட்ட சவுத்டேல் வணிக வளாகம் திறக்கப்பட்டது. சாலையும் புறநகர்க் குடியிருப்பும் வணிக வளாகமும் ஒன்றையொன்று வளர்க்க, பழைய சதுக்கங்கள் வாடிக்கையாளரை இழந்தன. மார்ட்டி 1955இல் காணும் லையன் எஸ்டேட்ஸ், கட்டி முடிக்கப்படாத கனவுக் குடியிருப்பு. 1985இல் அதன் நுழைவாயில் கிறுக்கல்களால் சிதைந்து நிற்கிறது. சதுக்கத்தை வீழ்த்திய புறநகரும் முப்பதாண்டுகளில் முதுமை எய்திவிட்டது என்பதை உரையாடல் ஏதுமின்றிப் படம் உணர்த்துகிறது.

ஊர்தி விற்பனையாளர் ஸ்டாட்லரின் பெயர்ப்பலகையும் இவ்வகைச் சான்றே. 1955இல் அந்நிறுவனம் ஸ்டுடிபேக்கர் ஊர்திகளை விற்கிறது. 1985இல் டொயோட்டா ஊர்திகளை விற்கிறது. இடைப்பட்ட காலத்தில், 1957இல் டொயோட்டா அமெரிக்காவில் தன் விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியது. 1963இல் ஸ்டுடிபேக்கர் அமெரிக்க மண்ணில் உற்பத்தியை நிறுத்தியது. மார்ட்டி ஏங்கும் சரக்குந்தும் டொயோட்டாவே.

ஒற்றைப் பைன் மரம்

படத்தின் நுண்குறிப்புகளுள் மிகுதியாகப் பேசப்படுவது வணிக வளாகத்தின் பெயர். மார்ட்டி புறப்படும்போது அது ‘ட்வின் பைன்ஸ் மால்’ எனப்படும் இரட்டைப் பைன் வளாகம். 1955இல் அந்நிலம் பீபாடி என்பவரின் பண்ணை. அங்கு வந்திறங்கிய மார்ட்டி ஊர்தியால் ஒரு பைன் கன்றை முறித்துவிடுகிறான். திரும்பி வரும்போது பெயர்ப்பலகை ‘லோன் பைன் மால்’, அதாவது ஒற்றைப் பைன் வளாகம் எனக் காட்டுகிறது. இவ்வாறே, மின்கம்பியை இணைக்கப் பிரௌன் போராடுகையில் மணிக்கூண்டின் விளிம்புக்கல் உடைகிறது. இறுதியில் 1985இல் அவ்விளிம்பு உடைந்தே காணப்படுகிறது. படத்தின் தொடக்கத்தில், முள்ளைப் பற்றித் தொங்கும் மனித உருவம் கொண்ட கடிகாரம் ஒன்று பிரௌனின் ஆய்வகத்தில் இடம்பெற்று அக்காட்சியை முன்னுணர்த்துகிறது. அவ்வுருவம் 1923இல் வெளிவந்த ‘சேஃப்டி லாஸ்ட்’ படத்தில் ஹெரால்டு லாயிட் தோன்றிய காட்சியை நினைவூட்டுவது.

இக்குறிப்புகள் ஒரு வரலாற்றுக் கொள்கையைத் தாங்கி நிற்கின்றன. கடந்தகாலம் பொருள்களில் தடம் பதிக்கிறது. தடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு நிகழ்காலம் சான்றாகிறது என்பது அக்கொள்கை. ஆயினும் இக்கொள்கையைப் படம் எல்லாப் பொருளிலும் சீராகக் கைக்கொள்ளவில்லை.

அணுவும் அரசியலும்

1955இன் திரையரங்கு ஒன்றில் ‘தி அட்டாமிக் கிட்’ என்னும் படம் ஓடுகிறது. அணுகுண்டு வெடிப்பில் உயிர்பிழைத்தவனைப் பற்றிய அந்நகைச்சுவைப் படம் 1954இல் வெளிவந்தது. மற்றோர் அரங்கில் ரொனால்டு ரீகன் நடித்த ‘கேட்டில் குயின் ஆஃப் மொன்டானா’ ஓடுகிறது. 1985இன் குடியரசுத் தலைவர் யார் எனக் கேட்ட பிரௌன், அந்நடிகரின் பெயரைக் கேட்டதும் நம்ப மறுப்பதற்கு இவ்வரங்கு அறிவிப்பு முன்னேற்பாடு. நகைச்சுவைக்கு இலக்கான ரீகனே 1986 பிப்ரவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டுரையில் இப்படத்தின் உரையாடலை மேற்கோள் காட்டினார்.

திரைக்கதையின் முந்தைய வடிவில், திரும்பும் பயணத்திற்கு நெவாடாப் பாலைவனத்தின் அணுகுண்டுச் சோதனையே ஆற்றல் தருவதாக இருந்தது. செலவு கருதி அது கைவிடப்பட்டு மின்னல் இடம்பெற்றது. இம்மாற்றத்தால், அணுவச்சம் நிலவிய பத்தாண்டின் இருண்ட பகுதி கதையிலிருந்து விலகி, மணிக்கூண்டும் மின்னலும் கூடிய ஓர் இனிய நகரக் காட்சி மையமாயிற்று. 1955 பற்றிய படத்தின் நினைவு மென்மையடைந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

அந்த ஏழு நாள்கள்

மார்ட்டி தங்கிய காலத்தை அமெரிக்க வரலாற்றின் நாட்காட்டியில் வைத்து நோக்குவது இன்றியமையாதது. 1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் வெள்ளையரால் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்டோரை வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு செப்டம்பரில் விடுவித்தது. டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்தார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் அமைவது படத்தின் வாரம்.

அவ்வாரமும் வெறுமையாக இருந்ததன்று. நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பால்டிமோர் தொடர்பான வழக்கில் பொதுக் கடற்கரைகளிலும், அட்லாண்டா தொடர்பான வழக்கில் நகராட்சிக் கோல்ஃப் திடல்களிலும் இனப் பிரிவினை செல்லாது என்னும் நிலைப்பாட்டை உறுதிசெய்தது. மாநிலங்களுக்கிடை வணிக ஆணையம், சாரா கீஸ் என்னும் இராணுவப் பெண் தொடுத்த வழக்கில், மாநிலங்களைக் கடக்கும் பேருந்துகளில் பிரிவினை கூடாது எனப் பிறப்பித்த தீர்ப்பும் அந்நாளிட்டதே. திரையில் மார்ட்டி தன் தந்தைக்குத் துணிவு கற்பித்துக்கொண்டிருந்த நாள்களில், வழக்காளிகளும் வழக்கறிஞர்களும் நாட்டின் சட்டத்தையே மாற்றிக்கொண்டிருந்தனர். ஹில் வேலியின் செய்தித்தாள்களிலோ உரையாடல்களிலோ இதன் எதிரொலி இல்லை.

மேயரும் பாடலும்

இன உறவைப் படம் நேரடியாகத் தொடும் இடங்கள் இரண்டு. முதலாவது கோல்டி வில்சன் தொடர்பானது. 1955இல் லூவின் உணவகத்தில் தரை துடைக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க இளைஞரான அவர், இரவுப் பள்ளியில் பயில்வதாகவும் தாம் உயரப் போவதாகவும் கூறுகிறார். மார்ட்டி இடைமறித்து அவர் மேயராவார் என்கிறான். கோல்டி அவ்வெண்ணத்தை உடனே பற்றிக்கொள்கிறார். உணவக உரிமையாளர் ஏளனம் செய்து துடைப்பத்தைக் கொடுக்கிறார். ஒரு வெள்ளை இளைஞனின் சொல்லே கோல்டியின் உயர்வுக்குக் காரணம் என்னும் எண்ணம் பார்வையாளர் மனத்தில் பதிகிறது.

ஆனால் படத்தின் தொடக்கத்தில், மார்ட்டி காலப்பயணம் மேற்கொள்வதற்கு முன்பே, சதுக்கத்தில் ஒரு விளம்பர ஊர்தி செல்கிறது. மேயர் கோல்டி வில்சனை மீண்டும் தேர்ந்தெடுக்குமாறு அது வேண்டுகிறது. எனவே மாற்றப்படாத வரலாற்றிலும் கோல்டி மேயராகியிருந்தார். வெளியுலக வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1967இல் கிளீவ்லாந்தில் கார்ல் ஸ்டோக்ஸும் 1973இல் லாஸ் ஏஞ்சலஸில் டாம் பிராட்லியும் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இவ்வுயர்வுகள் நெடிய இயக்கத்தின் விளைவுகள்.

இரண்டாவது இடம் பள்ளி நடன விழா. மேடையில் கறுப்பின இசைக்குழு. எதிரே ஆடுவோர் வெள்ளை மாணவர். காயமுற்ற மார்வின் பெர்ரிக்கு மாற்றாக மார்ட்டி ‘ஜானி பி. கூட்’ பாடலை வாசிக்க, மார்வின் தம் உறவினர் சக் பெர்ரியைத் தொலைபேசியில் அழைத்து, அவர் தேடிய புதிய இசை இதுவே எனக் கேட்கச் செய்கிறார். அப்பாடல் வெளிவந்தது 1958இல். ஆனால் சக் பெர்ரியின் ‘மேபலின்’ 1955 ஜூலையிலேயே வெளியாகி, ரிதம் அண்ட் ப்ளூஸ் வரிசையில் முதலிடமும் பொதுப் பாடல் வரிசையில் ஐந்தாம் இடமும் பெற்றிருந்தது. ஆதலின் அந்நவம்பரில் அவர் ஒலியைத் தேடிக்கொண்டிருந்தவர் அல்லர்; நாடறிந்த கலைஞர். மார்ட்டி அப்பாடலைக் கற்றதும் சக் பெர்ரி இயற்றியதனாலேயாம். படைத்தவரைக் கேட்பவராகவும் கேட்டவனைப் படைத்தவனாகவும் மாற்றுவது இக்காட்சியின் நகைச்சுவை. ராக் அண்ட் ரோல் வரலாற்றில் கறுப்பினக் கலைஞரின் படைப்புகள் வெள்ளையர் வழியே புகழெய்திய நிலையை அது தன்னறியாமலேயே மீள நிகழ்த்துகிறது.

செம்மையாக்கப்பட்ட குடும்பம்

வரலாற்றுத் திருத்தத்தின் பயன் மெக்ஃப்ளை இல்லத்தில் வெளிப்படுகிறது. அஞ்சி ஒடுங்கிய தந்தை நூலாசிரியராகிறார். விரைவுணவகப் பணியாளனாயிருந்த அண்ணன் அலுவலக உடையில் தோன்றுகிறான். மார்ட்டிக்குச் சரக்குந்து கிடைக்கிறது. தந்தையாக நடித்த கிறிஸ்பின் குளோவர், இம்முடிவு அன்பைவிடப் பொருளையே வெகுமதியாக்குகிறது என எதிர்ப்புத் தெரிவித்ததாகப் பின்னாளில் கூறியுள்ளார். தாய் லொரெய்னைத் தாக்க முயன்ற பிஃப், அதே இல்லத்தின் ஊர்திக்கு மெருகேற்றுபவனாக வாயிலில் நிற்பதைக் குடும்பம் இயல்பாக ஏற்கிறது. குடும்பம் உயர்ந்தபோதும், நின்றுபோன மணிக்கூண்டும் நலிந்த சதுக்கமும் முன்போலவே உள்ளன. திருத்தம் வீட்டின் வாயிலோடு நின்றுவிடுகிறது.

மார்ட்டியைச் சுமந்த டெலோரியன் ஊர்தியே இதற்கு ஒரு குறிப்புரை. வட அயர்லாந்தின் டன்மரியில், பிரித்தானிய அரசின் நிதியுதவியோடு வேலைவாய்ப்பு நோக்கி எழுந்த அத்தொழிற்சாலை 1981இல் உற்பத்தி தொடங்கி 1982இலேயே நொடித்தது. எதிர்காலத்தின் சின்னமாகத் திரையில் ஒளிர்ந்தது, வேலையிழந்த தொழிலாளர்களின் கடந்தகாலம்.

முடிவுரை

‘பேக் டு த ஃபியூச்சர்’ ஒரே சமயத்தில் இருவகை வரலாறுகளைக் கூறுகிறது. கதையோட்டம், துணிந்த ஒரு தனிமனிதன் ஓர் இரவில் காலத்தைத் திருத்தலாம் என்கிறது. பின்னணியோ சாலை, வணிகம், தொழில், வாக்குரிமை ஆகியவை பல்லாயிரவர் செயலால் மாறியதற்குச் சான்று தருகிறது. கோல்டி வில்சனின் விளம்பர ஊர்தி சில நொடிகளே திரையில் கடப்பினும், கதை அவரிடமிருந்து பறிக்கும் உயர்வை அது அவருக்கே மீட்டளிக்கிறது. வெகுமக்கள் திரைப்படங்களை நினைவின் ஆவணங்களாகப் பயன்படுத்தும் ஆய்வாளர், கதைமாந்தர் கூறுவதையும் அவர்களுக்குப் பின்னே காட்சிப்படுவதையும் தனித்தனிச் சான்றுகளாகக் கொண்டு ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்தல் வேண்டும். 1955இன் இனிமை யாருக்கு உரியதாயிருந்தது என்னும் வினாவிற்கு இப்படத்தின் கதையால் விடையளிக்க இயலவில்லை. அந்த விடையைத் தேடுவதற்கான தடங்கள் அதன் தெருக்களில் எஞ்சியுள்ளன.