பிறந்த மண்ணில் அந்நியர்



எருசலேமின் கோட்டைக்குள் பவுலை அடிக்கக் கட்டியபோது நடந்த உரையாடலை அப்போஸ்தலர் 22-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ரோமக் குடியுரிமையைப் பெரும்பொருள் கொடுத்துத் தான் பெற்றதாகச் சேனாபதி சொல்கிறான். தாம் அவ்வுரிமையோடு பிறந்தவர் என்கிறார் பவுல். அடிக்க வந்தவர்கள் விலகிப்போனார்கள். பிறப்பு அவரைக் காத்தது. பிறந்த மண்ணே கைவிட்ட ஒரு கூட்டத்தாரோ நமக்கு மிக அருகில் வாழ்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைத் தோட்டங்களுக்கும், நம் காவிரிக்கரை ஊர்களிலிருந்தும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் ஏழைகளைக் கங்காணிகள் இலங்கைக்கு அழைத்துச் சென்றார்கள். தலைமுறைகள் அங்கேயே பிறந்து அங்கேயே மடிந்தன. ஆனால் 1948-இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்தவர் என்று காட்டு என்றது. லயத்து அறையில் பிறந்தவனின் தகப்பனுக்குப் பத்திரம் ஏது? ஏறத்தாழ 7,00,000 பேர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. மந்தையைப் பங்கிட்டதுபோல என்று சொன்னால் அது கடுஞ்சொல் ஆகாது. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

1983 கலவரத்திற்குப்பின் படகேறி வந்த ஈழத்தமிழரோடு இம்மலையகத்தாரும் இருந்தார்கள். இங்கே முகாம்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கும் ஒரு தேதி காத்திருந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராய் இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஒரு தாய்க்கு மண்டபம் முகாமில் 1986-இல் ஒரு மகளும் 1988-இல் ஒரு மகனும் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, ஒரே ரேஷன் அரிசி. அக்காள் இந்தியர், தம்பி அந்நியன். 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவருடைய உரிமை சட்டத்தில் முன்பே இருந்தது. ஆனாலும் அதைப் பெற அவர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அது நல்ல மாற்றமே. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டனை நீங்கிற்று; குடியுரிமை வரவில்லை.

2023 அக்டோபரில் நம் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டபோது மகிழ்ந்தோம். அதில் ஏறப் பாஸ்போர்ட் வேண்டும். 1988-இல் பிறந்த அந்தத் தம்பி கரையில் நின்றுதான் அதைப் பார்க்க முடியும்.