பித்தளைக் குமிழும் கரும்புச் சாறும்

கீழ்பென்னாத்தூர் 1911 வரை தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். அது இருந்த திருவண்ணாமலை தாலுகா வடஆர்க்காட்டுக்கு மாறியது அந்த ஆண்டில்தான். அதே தென்னார்க்காட்டில், கடலூரை ஒட்டிய நெல்லிக்குப்பத்தில், 1842-இலேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. பின்னாளில் பாரி நிறுவனம் அங்கே சர்க்கரையோடு சாராயமும் வடித்தது. கரும்பிலிருந்து வந்த இந்த இரண்டு சரக்குகளையும் அளக்க இரண்டு வேறு கருவிகள் தேவைப்பட்டன.

சாராயத்துக்கு வந்தது சைக்ஸ் ஹைட்ரோமீட்டர். பார்த்தலோமியூ சைக்ஸ் உருவாக்கிய இக்கருவியை 1816-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரி வசூலுக்காக ஏற்றது. பித்தளைக் குமிழ், மேலே அளவு பொறித்த தண்டு, கீழே மாட்ட ஒன்பது எடைகள். சாராயத்தில் மிதக்கவிட்டு, தண்டு எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரையும் பார்த்து அட்டவணையைப் புரட்ட வேண்டும். வெயிலில் சாராயம் விரிந்து லேசாகிவிடுவதால், நம் ஊர் வெப்பத்தில் அட்டவணை இல்லாமல் எடுத்த அளவு, இருப்பதைவிடக் கூடுதல் வீரியத்தைக் காட்டும்.

வீரியத்தின் அடிப்படை அலகு ‘புரூஃப்’. சாராயம் நனைந்த வெடிமருந்து தீப்பிடித்தால் அது தேறியது என்பது பழைய இங்கிலாந்துச் சோதனை. சட்டம் அதை எடைக்கணக்காக்கியது: 51 பாரன்ஹீட்டில், அதே அளவு தண்ணீரின் எடையில் 13-இல் 12 பங்கு இருந்தால் புரூஃப். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 57.1 சதவீத ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு 42.8. தமிழ்நாட்டில் இன்றும் பிராந்தி, விஸ்கி பாட்டில் லேபிளில் இருப்பது அந்த எண்தான்.

1886-இன் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பின் கலால் வரிக்கு வீரியமே கணக்கு. அளப்பது அதிகாரியின் வேலை. வடஆர்க்காட்டில் 1939-இல் மதுவிலக்கு வந்தது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடப்பில் உள்ளது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவதும் அதன்படி குற்றம்தான்.

சர்க்கரையை அளக்கும் கருவி ஐரோப்பாவில் வளர்ந்தது. பிராகில் கார்ல் பாலிங் 1843-இல் சர்க்கரைக் கரைசலுக்கான மிதவை அளவை வகுத்தார். ஜெர்மானியர் அடால்ஃப் பிரிக்ஸ் அதைத் திருத்தினார். நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதே பிரிக்ஸ்.

ஒயின் போடுகிறவருக்கு இங்கேதான் சிக்கல். சர்க்கரை நீரைக் கனமாக்கும், ஆல்கஹால் லேசாக்கும். இரண்டும் கலந்த பானத்தில் சைக்ஸ் கருவி சொல்லும் வீரியம் தவறு. அதனால் கலால் ஆய்வகத்தில் மாதிரியை அளந்து வடித்து, வடிந்ததைத் தண்ணீர் சேர்த்துப் பழைய அளவுக்கு நிரப்பிய பிறகே ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுவார்கள். வடிக்காமல் அறிய, நொதிக்கும் முன்பும் பின்பும் அடர்த்தியை எடுப்பது வழி. 1.090-இல் தொடங்கி 0.995-இல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்க ஏறக்குறைய 12.4 சதவீதம் வரும். முதல் அளவை எடுக்க மறந்தால் கணக்கே இல்லை.

பிரிக்ஸை அளக்கும் இன்னொரு கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி விலகலைப் பார்ப்பது. ஆல்கஹால் சேர்ந்துவிட்டால் அதன் அளவையும் திருத்தாமல் நம்ப முடியாது. புதுச் சாற்றுக்கோ அதைப்போல் எளிய கருவி இல்லை. கரும்பில் துளையிட்டு ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடிமேல் வைத்து, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எண்ணைச் சொல்லிவிடும். 18 முதல் 20 பிரிக்ஸ் இருந்தால் கரும்பு முற்றிவிட்டது. அடிக்கணுவும் நுனிக்கணுவும் ஏறத்தாழ ஒரே எண் காட்டினால் வெட்டலாம்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரக் கரும்பு விவசாயிக்கு இந்தச் சிறு கருவி மிகவும் வேண்டியது. மத்திய அரசின் விலைக் கணக்கு 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது அரைத்த கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் பங்கை, அடிப்படையாகக் கொண்டது. கட்டுமானத்தைக் கணக்கிடுவது ஆலையின் மொத்த அரவைக்குத்தான். தன் வயலின் இனிப்பு எவ்வளவு, அது எந்த வாரத்தில் உச்சத்தில் இருக்கிறது என்பதை வெட்டு உத்தரவு வரும் முன்பே விவசாயி தானே பார்த்துச் சொல்ல, கிராமத்துக்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் போதும்.