யவனரும் சோனகரும்

தண்ணீர்மலைப் படிகளின் உச்சியில் நின்று நோக்கினால் பினாங்கு நகரும் அதனை அடுத்த கடலும் தோன்றும். தைப்பூசத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஓராண்டில், அவ்விடத்தே ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னை வினவினான்: "ஐயா, பாட நூலில் வரும் யவனர் எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்? அவர்களைப் போலவே கப்பலில் வந்த அரபுக்காரர்களின் வழியினர் மட்டும் எப்படி இன்றும் நம்மோடு தமிழ் பேசுகிறார்கள்?" சிறுவன் வினாதான், ஆயினும் அதற்குரிய விடை அன்று என்னிடம் இல்லை.

சங்கப் புலவர் யவனர் எனக் குறித்தது கிரேக்கரையும் உரோமரையும் ஆகும். பிற்காலத் தமிழில் அரபு நாட்டாரும் அவர்வழி வந்த முஸ்லிம்களும் சோனகர் எனப்பட்டனர். சோனகர் என்னும் இச்சொல்லும் யவனர் என்னும் சொல்லின் வழிப் பிறந்ததே என்பர் சொல்லாராய்ச்சியாளர். மேற்கிலிருந்து கலமேறி வந்த இருவேறு நாகரிகத்தாரைத் தமிழர் ஏறக்குறைய ஒரே பெயராற் சுட்டினர். அவ்விரு நாகரிகங்களும் எவ்வாறு ஒத்தன, எவ்வாறு வேறுபட்டன என்று காண்போம்.

கி.மு. 30இல் எகிப்து உரோமர் கைப்பட்டது. செங்கடல் துறையாகிய மியோசு கோர்மோசிலிருந்து ஆண்டுக்கு 120 கலங்கள் இந்தியாவுக்குச் சென்றன என எழுதினார் இசுட்ராபோ. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுடர்சு வெளியேறுகின்றது என வருந்தினார் பிளினி. அப்பணத்தின் எச்சமே கொங்கு நாட்டிற் புதையல்களாகக் கிடைக்கும் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் உரோமரின் மதுச்சாடிகளும் கிடைத்தன. மியோசு கோர்மோசு இருந்த குசேர் அல்-காதிமில், கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. ஆகவே யவனர் இங்கு வந்ததுபோல் தமிழரும் அங்குச் சென்றனர் என்பது தெளிவு.

உரோமரின் வாணிகம் தளர்ந்து சில நூற்றாண்டுகள் கழிந்தபின், 641-642 ஆண்டுகளில் அரபு முஸ்லிம்கள் எகிப்தை வென்றனர். உமையாக்கள் தலைநகராகக் கொண்ட தமாஸ்கஸ் முன்னர் உரோமர் ஆண்ட நகரமே. பழைய கணக்கர்கள் கிரேக்க மொழியிலேயே சிலகாலம் வரிக்கணக்கு எழுதி வந்தனர். அவர்தம் 'தீனார்' என்னும் காசின் பெயர்கூட உரோமரின் 'தெனாரியஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்ததே. ஏறத்தாழ 697ஆம் ஆண்டில் கலீபா அப்துல் மாலிக் அக்காசின் முகத்தை மாற்றினார். உரோமர் காசில் மன்னன் தலை இருந்தது. புதிய தீனாரில் உருவம் ஏதுமின்றி இறைவன் ஒருவனே என்னும் உறுதிமொழி இருந்தது.

வேற்றுமையின் வேர் இக்காசிலேயே தெரிகின்றது. உரோம நாகரிகத்தின் நடுவே நின்றது அரசு. 212இல் காரகல்லா மன்னன் குடியுரிமையை விரித்து வழங்கியபோதும், அது பேரரசின் எல்லைக்குள் வாழ்ந்த அடிமையல்லாதார்க்கே கிட்டியது. முசிறியில் அகஸ்டஸ் கோயில் ஒன்று இருந்ததாகப் பழைய உரோம வழிப்படம் காட்டுகின்றது. ஆயினும் மிளகு விற்ற தமிழன் அவர்களுக்கு வாணிகத் துணைவனேயன்றி உறவினன் ஆகவில்லை.

இஸ்லாத்தின் நடுவே நின்றது நம்பிக்கை. அதிற் சேர்வதற்குக் கலீபாவின் குடிமகனாக வேண்டியதில்லை. தாய்மொழியைத் துறக்க வேண்டியதுமில்லை. அரபுப் பேரரசு தமிழகத்தை ஒருநாளும் ஆண்டதில்லை. ஆயினும் மணவுறவாலும் வாணிகத்தாலும் நம்பிக்கையாலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழ் முஸ்லிம் சமுதாயம் வேரூன்றியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதைக் குறித்துள்ளார். 1572இல் ஆயிரமசலாவும், அதற்கு அடுத்த நூற்றாண்டில் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் தமிழுக்குக் கிடைத்தன. யவனர் காசு தந்தனர். சோனகர் வழிவந்தோர் காப்பியம் தந்தனர்.

இதனால் உரோமரைத் தாழ்த்துவது என் கருத்தன்று. சட்டமும் சாலையும் உலகிற்கு அவர் தந்த பெருஞ்செல்வம். ஆனால் பொருள்வழி வரும் உறவு பொருளோடு தளரும். மொழியும் வழிபாடும் குடும்பமும் கலந்த உறவே நிலைக்கும் என்பதை இவ்வொப்புமை காட்டுகின்றது.

பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. அதனை எழுப்பிய தமிழ் முஸ்லிம்கள் நாகூரின் நினைவாகச் சூலியாத் தெருவில் தர்கா ஒன்றும் அமைத்தனர். தண்ணீர்மலையும் அத்தெருவும் ஒரே கடலோடிய மக்களின் இரு அடையாளங்கள்.

நம் பாட நூல்களில் யவனர்க்குக் கிடைக்கும் இடம் சோனகர்க்கு எளிதிற் கிடைப்பதில்லை. போனவர் வரலாற்றைக் கற்பித்து, நம்முடன் இருப்பவர் வரலாற்றை விட்டுவிட்டால், ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் முருகனும் அப்துல்லாவும் ஒருவரையொருவர் அயலாராகவே எண்ணி வளர்வர். 'பள்ளி' என்னும் ஒரு சொல்லையே சமணர் உறைவிடத்திற்கும், பிள்ளைகள் கற்கும் இடத்திற்கும், முஸ்லிம்கள் தொழும் இடத்திற்கும் வழங்கியது நம் தமிழ். ஆசிரிய அன்பர்கள் அச்சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.