காவிரிப் படுகையில் கணினிப் பட்டம்: விலை கொடுத்தது யார்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா, போட்ட காசுக்குத் தேறுமா என்ற பேச்சு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தொடங்கிவிடும். பதில் சொல்பவர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள். படிப்புச் செலவை யார் ஏற்றார்கள் என்பது பெரும்பாலும் பேச்சில் வராது. காவிரிப் படுகையின் கல்வி வரலாற்றை அந்தக் கேள்வியோடு படித்தால், பட்டத்தின் பெறுமதி பாடத்திட்டத்தைக் காட்டிலும் அதற்குப் பின்னால் ஈடாக நின்ற பொருளையே சார்ந்து வந்திருப்பது தெரிகிறது. முதலில் நிலம் நின்றது, பிறகு அரசு நின்றது, இப்போது பலருக்குக் கடன் நிற்கிறது. அந்த மாற்றத்தைக் காலவரிசையில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிராசு வீடுகள்

ஆற்றுப் பாசனம் தந்த உபரிதான் இந்த மண்ணின் முதல் கல்லூரிச் செலவைக் கட்டியது. 1854-இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த கும்பகோணம் அரசுக் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அழைத்தார்கள். குத்தகை நெல் வீட்டுக்கு வந்து சேரும் குடும்பங்களுக்கு அங்கே பிள்ளையைப் படிக்க வைப்பது பெரிய சுமையாக இல்லை. படித்தவர்கள் வக்கீலாகவும் அரசு அலுவலராகவும் வெளியூர் போனார்கள். புடவைக் கடைக் கணக்கரின் மகனான சீனிவாச ராமானுஜன் 1904-இல் அதே கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பட்டமில்லாத அவருக்கு 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் கிடைத்தது மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. பட்டம் வேண்டாம் என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் இந்த ஒரே கதையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். விதிவிலக்கை வைத்து வரலாறு எழுத முடியாது.

நிலம் கைமாறத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பின். 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வந்த உச்சவரம்பு 1970-இல் 15 ஆகக் குறைந்தது. இந்த ஆண்டுகளில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த கேத்லீன் கஃப், ஆந்த்ரே பெத்தெய் இருவரின் நூல்களிலும் அக்கிரகாரங்கள் காலியாவதும் நிலம் பிற சாதிக் குடியானவர்களுக்குப் போவதும் பதிவாகியிருக்கின்றன. கும்பகோணம் அருகே திப்பிராஜபுரத்தை மையமாக வைத்து வாத்திமப் பிராமணர்களை ஆராய்ந்த கிறிஸ் ஃபுல்லர், ஹரிப்பிரியா நரசிம்மன் இருவரும் 2008-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே நிலக்கிழார்களிலிருந்து மென்பொருள் பொறியாளர்கள் வரை என்ற பொருளில் அமைந்தது. இக்கட்டுரைக்கு அவர்களிடமிருந்து வேண்டிய செய்தி ஒன்றுதான்: கணினிக்கு வந்து சேர்ந்தவர்கள் திடீரென்று வரவில்லை. குத்தகை வரவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், அங்கிருந்து நகரத்து உத்தியோகத்துக்கும், பிறகே மென்பொருளுக்கும் வந்தார்கள்.

நடுவில் இருந்த ஒரு படியைச் சொல்லாமல் போக முடியாது. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் கடைத்தெருக்களில் மாடியில் இயங்கிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள்தான் அது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு லோயரும் ஹையரும் முடித்துவிட்டு, கூடவே கொஞ்சம் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறிய தலைமுறை ஒன்று உண்டு. அந்தப் படிப்புக்கு மாதக் கட்டணம் சொற்பம். வேலை கிடைக்காவிட்டால் நஷ்டம் சில மாதங்களோடு போய்விடும். கணினிப் பட்டத்தின் தேவையை மதிப்பிடும்போது, அதற்கு முன் அதே வேலையைச் செய்த இந்த மலிவான சான்றிதழையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1984-க்குப் பின்

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-இல் ஐ.பி.எம். 370 கணினி வந்தபோது இன்றைய இந்த நான்கு மாவட்டங்களில் பொறியியல் கல்லூரியே இல்லை. அருகில் இருந்தவற்றுள் ஒன்று 1964-இல் திருச்சியில் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு 1984-இல் அனுமதி தந்தது. அதே ஆண்டில் தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி இன்று சாஸ்த்ரா என்ற பெயரில் இருக்கிறது. 1988-இல் வல்லத்தில் பெண்களுக்கென்றே பெரியார் மணியம்மை பொறியியல் கல்லூரி வந்தது. மகளை வெளியூர் விடுதிக்கு அனுப்ப மனமில்லாத வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்பதைத் தனியாகவே ஆராயலாம். தொண்ணூறுகளின் நடுவில் கோயில்வெண்ணி, நாகப்பட்டினம், மன்னம்பந்தல் என்று கல்லூரிகள் வயல்களுக்கு நடுவே எழுந்தன.

வசதியுள்ளவர்கள் கல்லூரி தொடங்குவது இங்கே புதிதில்லை. 1955-இல் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் 1956-இல் பூண்டி புஷ்பம் கல்லூரியும் தர்மமாகத் தொடங்கியவை. நன்கொடை வாங்காமல் சேர்த்துக்கொண்ட பூண்டிக் கல்லூரியை இன்றும் ஊர்க்காரர்கள் அதற்காகவே சொல்வார்கள். 1984-க்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை மாணவரின் கட்டணத்தில் நடப்பவை. செலவு கல்லூரி நடத்துபவரின் கணக்கிலிருந்து பெற்றோரின் கணக்குக்கு மாறியது அப்போதுதான். பாட நூல்களில் இந்த மாற்றத்தைத் தனியார்மயம் என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் வீடுகளில் அது வேறு வடிவில் வந்தது. நெல் விற்ற பணத்தில் படிக்க வைத்தவர்களுக்கு, நெல் விளையும் நிலத்தையே விற்க வேண்டி வந்தது.

தண்ணீரும் கவுன்சலிங்கும்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவைச் சாகுபடி பெரும்பாலும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து 8 ஆண்டுகள் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. இதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்தது. நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கூலி வேலைக்காரரின் பிள்ளைக்கும் சிறு விவசாயியின் பிள்ளைக்கும் வயலில் இடம் குறைந்த அதே ஆண்டுகளில் வகுப்பறையில் இடம் கூடியது.

அந்த இடத்தை எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தது அரசு. 1984 முதல் நடந்த நுழைவுத்தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து இல்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். கோச்சிங் இல்லாத கிராமத்துப் பிள்ளையும் போட்டிக்கு வந்தது. 2010 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. கல்விக் கட்டணம், விடுதி, கவுன்சலிங் செலவு எல்லாம் அரசின் பொறுப்பு. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகள் பழமையாக வேரூன்றிய டெல்டாவில் இந்த நிபந்தனை ஒரு பெரிய கூட்டத்தை வெளியே நிறுத்துகிறது. அதே தெருவில் அதே இரண்டு மா நிலம் வைத்திருக்கும் இரண்டு வீடுகளில், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனது என்பதை வைத்து ஒரு வீட்டுக்குப் பொறியியல் இலவசம், மற்றொரு வீட்டுக்குக் கடன்.

கடனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீனோ சொத்தோ கேட்கலாம் என்றிருந்தது. நிலம் மறுபடியும் படிப்புக்குள் நுழைவது இங்கேதான். முதல் தலைமுறைக்கு அது வருமானமாக வந்தது. இப்போது அடமானப் பத்திரமாக வருகிறது.

நெல்லால் அளந்தால்

2017-இல் நிர்ணயித்த கட்டணத்தில் தரச்சான்று பெற்ற துறைக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000. 2025-26 கொள்முதலில் மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக, அரசு ஒதுக்கீட்டு இடத்தின் ஓராண்டுக் கட்டணம் 22 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் பிடித்தால் 55 மூட்டை. நன்றாக விளைந்த ஒரு ஏக்கர் சம்பாவின் மொத்த வரவு ஏறக்குறைய அவ்வளவுதான். உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் கழிக்கவில்லை. மூட்டையை இறக்கி ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று சொல்லி வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் நாட்களையும் கழிக்கவில்லை.

மறுபக்கத்தையும் நெல்லாலேயே அளப்போம். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக 3 லட்சத்துச் சொச்சத்திலேயே நிற்கிறது. 3.3 லட்சம் என்று வைத்துக்கொண்டால், 2012-13-இல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 1,250 ரூபாயாக இருந்தபோது அது 264 குவிண்டால். 2025-26-இல் ஆதரவு விலை 2,369; அதே சம்பளம் 139 குவிண்டால். விவசாயி பணக்காரராகிவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், அவருடைய செலவும் சேர்ந்தே ஏறியது. ஆனால் வயலை விட்டுப் போனால் கிடைக்கும் தொடக்கச் சம்பளம் நெல் கணக்கில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிட்டது. 4 லட்சம் கடனை 10.5 விழுக்காடு வட்டியில் 7 ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 6,700 ரூபாய் வேண்டும். சென்னையில் அறை வாடகையும் மெஸ் செலவும் போக அந்தத் தொகை மிஞ்சுமா என்பதைப் பெற்றோர் ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அந்த வேலையும் முன்போல் நிச்சயமில்லை. 2023-24-இல் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்துப் பணியாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 64,000 குறைந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். மட்டும் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இதே நேரத்தில் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடம் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25 முதல் எடுத்துவிட்டது. மெக்கானிக்கலையும் சிவிலையும் சுருக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டும் கல்லூரிகள் பெருகின. வேலை சுருங்கும்போது இடம் பெருகினால் நஷ்டம் கடைசியாகச் சேர்ந்தவருக்குத்தான் வரும். அவர் பெரும்பாலும் குறைந்த கட்-ஆஃபோடு நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர்.

ஊரிலேயே வேலை கிடைத்தால் இந்தக் கணக்கு மாறும். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிய சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களையும் உருக்காலை போன்ற கனரகத் தொழில்களையும் தடுத்தது. அது வேண்டிய சட்டம்தான். கணினி வேலைக்கு அதில் தடையில்லை. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் திறந்த டைடல் நியோ பூங்கா சுமார் 55,000 சதுர அடி. 2000-இல் சென்னை தரமணியில் திறந்த டைடல் பூங்கா ஏறக்குறைய 12.8 லட்சம் சதுர அடி. தொடக்கம் என்று சொல்லலாம், ஆண்டுதோறும் இந்த மாவட்டங்களிலிருந்து பட்டம் பெறுபவர்களுக்கு இது போதாது.

மொத்தத்தில் என் முடிவு இது. 7.5 விழுக்காட்டிலோ முதல் பட்டதாரிச் சலுகையிலோ அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும் டெல்டா மாணவருக்குக் கணினிப் பட்டம் இன்றும் தேறும். வேலை தாமதமானாலும் வீடு மூழ்காது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ அரசுக் கலைக் கல்லூரியில் குறைந்த செலவில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டே கணக்கையும் நிரலெழுதுவதையும் ஒழுங்காகக் கற்பவர் அதைவிடக் குறைந்த ஆபத்தில் இருக்கிறார். பெயர் தெரியாத கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக நிலத்தை அடமானம் வைப்பதோ விற்பதோ கூடாது.