கணக்குப் போட்ட மனிதர்

ஹைட்ரஜன் குண்டைச் செய்த விஞ்ஞானிகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுகிறது. அவர்கள் அரக்கர்கள் என்பது ஒன்று. அரசாங்கம் கேட்டது, அவர்கள் செய்து கொடுத்தார்கள். கத்தி அடித்த கொல்லனைக் கொலைகாரன் என்று சொல்லலாமா என்பது மற்றொன்று. இரண்டும் எனக்குத் திருப்தி தருவதில்லை. கதை எழுதிப் பழகியவன் நான்; எனக்கு மனிதனைப் பார்க்க வேண்டும். ஆகவே ருஷ்ய விஞ்ஞானி ஆந்திரே ஸகாரோவை எடுத்துக்கொள்கிறேன்.

1921-ல் மாஸ்கோவில் பிறந்தவர். பௌதிக ஆசிரியரின் மகன். 1948-ல் தம் குருவான இகோர் டாம் அமைத்த குழுவில் சேர்ந்து ஹைட்ரஜன் குண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். 1950-ல் ஸரோவ் என்ற ஊருக்குக் குடிபோனார். ஒரு காலத்தில் மடாலயத்துக்குப் பேர்போன ஊர் அது. முள்வேலி போட்டு வளைத்து, தேசப்படத்திலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். பயந்துகொண்டு அங்கே வேலை செய்தார் என்று எண்ண வேண்டாம். இரண்டு வல்லரசுகளும் சமபலத்தோடு நின்றால்தான் யுத்தம் வராது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

1953 ஆகஸ்டு 12. கஸகஸ்தான் புல்வெளியில் அவர் உருவாக்கிய குண்டு வெடித்தது. ஹிரோஷிமாவைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலிமை. பிறகு வெடித்த இடத்தைப் பார்க்கப் போனபோது, வழியில் சிறகு கருகிய கழுகு ஒன்று பறக்க முயன்று முயன்று முடியாமல் தவித்துக்கொண்டிருந்ததாம். அதிகாரி ஒருவர் காலால் உதைத்து அதன் வேதனையை முடித்தார். பல வருஷங்களுக்குப் பின் நினைவுக் குறிப்புகள் எழுதும்போதும் ஸகாரோவ் அந்தக் கழுகை மறக்கவில்லை.

1955 நவம்பர் 22-ல் அடுத்த பெரிய சோதனை. அதிர்ச்சியில் ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தையும் ஒரு சிப்பாயும் மாண்டார்கள். வெற்றி விருந்தில் முதல் வாழ்த்தை ஸகாரோவ் சொன்னார். நம் குண்டுகள் சோதனைத் திடலில் என்றும் இப்படியே வெடிக்கட்டும், எந்த நகரத்தின் மேலும் வெடிக்க வேண்டாம் என்றார். சபை மௌனமாயிற்று. தளபதி நெதேலின் எழுந்து ஒரு கொச்சையான கதையைச் சொன்னார். அதன் சாரம் இதுதான்: செய்து கொடுப்பது உங்கள் வேலை, எங்கே போடுவதென்பது எங்கள் வேலை.

பிறகு வந்தது அந்தக் கணக்கு. அமெரிக்கர் 'சுத்தமான குண்டு' என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். அதை மறுத்து எழுதும்படி ருஷ்ய அணுசக்தித் தலைவர் குர்ச்சாதோவ் இவரிடம் சொன்னார். எழுத உட்கார்ந்தவர் பென்சிலோடு உட்கார்ந்தார். வெடிப்பினால் காற்றில் கலக்கும் கதிரியக்கக் கார்பன் பாதியாகக் குறையவே ஐயாயிரம் வருஷத்துக்கு மேலாகும். அத்தனை தலைமுறைகளையும் சேர்த்து, ஒரு மெகாடன் வெடிப்புக்குச் சுமார் 10,000 உயிர்கள் என்று விடை வந்தது. கட்டுரை 1958-ல் வெளியாயிற்று. எதிரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போட்ட கணக்கு, போட்டவரையும் சேர்த்தே ஏற்றிவிட்டது.

இதற்குப் பிறகும் அவர் குண்டு செய்தார். இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 1961 ஜூலையில், சோதனைகளை மறுபடி தொடங்க வேண்டாமென்று குருஷேவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அரசியலை எங்களிடம் விட்டுவிடும் என்று எல்லோர் முன்னிலையிலும் குருஷேவ் கடிந்துகொண்டார். அதே வருஷம் அக்டோபர் 30-ல் 50 மெகாடன் குண்டு வெடித்தது. உலகம் கண்ட குண்டுகளிலெல்லாம் பெரியது. அதன் பின்னால் ஸகாரோவின் மூளையும் இருந்தது. அவருடைய கணக்கையே எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்: ஐந்து லட்சம்! வாசகர்களுக்கு வருவதற்கு முன்பே அந்தப் பெருக்கல் அவருக்கு வந்திருக்கும்.

1962 செப்டம்பரில், இரண்டு ஆராய்ச்சிக் கூடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு குண்டுகளை வெடிக்க நின்றன. ஒன்று போதும், மற்றது வீண் என்று ஸகாரோவ் மன்றாடினார். குருஷேவையே டெலிபோனில் பிடித்தார். பலிக்கவில்லை. இரண்டாவது குண்டும் வெடித்த செய்தி வந்ததும் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

கதைகளில் சாகிறவனுக்குப் பெயர் வைத்தால்தான் வாசகன் அழுவான். ஸகாரோவ் அழுதது யாருக்காக? அந்த மனிதர்களுக்குப் பெயரில்லை; பலர் இன்னும் பிறக்கவே இல்லை. இன்ன குண்டினால் செத்தான் என்று எந்த வைத்தியனும் சொல்லப்போவதில்லை. கணக்கில் மட்டுமே இருந்தவர்களுக்காக ஒரு மனிதர் அழுதார் என்பதைப் பெரிய விஷயமாக நான் நினைக்கிறேன்.

அழுததோடு நிற்கவும் இல்லை. ஆகாயத்திலும் அண்டவெளியிலும் நீருக்கடியிலும் சோதனை கூடாது என்ற அளவுக்காவது உடன்பாடு காணலாம் என்று மேலிடத்தில் வற்புறுத்தினார். 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1968-ல் அவருடைய அரசியல் கட்டுரை வெளிநாட்டில் அச்சேறியதும் ரகசிய வேலையிலிருந்து நீக்கினார்கள். 1975-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வந்தது. போய் வாங்க அனுமதி இல்லை, மனைவி வாங்கி வந்தார். 1980 முதல் 1986 வரை கார்க்கி நகரில் காவலில் வைத்தார்கள். 1989-ல் காலமானார்.

அவரை மகானென்று நான் சொல்லவில்லை. செய்தவர் செய்தவர்தான். ஆனால், அந்த வேலையைச் செய்த எத்தனையோ பேர் மெகாடனோடு கணக்கை நிறுத்திக்கொண்டார்கள். ஸகாரோவ் மனிதத் தலை வரைக்கும் போட்டு முடித்தார்.