சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி: இன்சுலின் கணக்கோட நூறு வருஷக் கதை

இன்னைக்குக் கதை ஒரு மெடிக்கல் ஷாப்ல ஆரம்பிக்குது.

காலேஜ் படிக்கிறப்போ பாட்டிக்கு இன்சுலின் சிரிஞ்ச் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டு வந்தேன், ஆரஞ்சு மூடி போட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா அதைப் பார்த்ததும் கையிலிருந்து வாங்கிட்டாங்க. "மருந்து பாட்டில்ல என்ன நம்பர் போட்டிருக்கு?" "40-க்கா." "சிரிஞ்ச்ல?" "100." "பாட்டிக்கு 20 யூனிட் போடணும். இந்த சிரிஞ்ச்ல 20-ஆவது கோடு வரைக்கும் இழுத்தா எவ்வளவு மருந்து உள்ளே போகும், சொல்லு பார்ப்போம்."

நான் முழிச்சேன். பதில் 8.

கணக்கு இதுதான். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்ல 100 கோடு சேர்ந்தா 1 மில்லி. அப்போ 20 கோடு 0.2 மில்லி. பாட்டில்ல இருக்கிறதோ மில்லிக்கு 40 யூனிட். 0.2 × 40 = 8. பாட்டிக்குச் சர்க்கரை குறையாது. இதைத் திருப்பிப் போட்டா இன்னும் மோசம். மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற மருந்தை, 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 20-ஆவது கோடு வரைக்கும் இழுத்தா அரை மில்லி வரும். அதாவது 50 யூனிட். சர்க்கரை தடாலடியா இறங்கும், நினைவு தப்பும், உயிருக்கே ஆபத்து.

ஒரே மருந்துக்கு எதுக்கு இத்தனை கணக்கு? அதுக்கு டொராண்டோ போகணும்.

1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசியாகப் போடப்பட்டது. அது பெரிதாக வேலை செய்யவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, ஜேம்ஸ் காலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த சாற்றைப் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது.

அடுத்த சிக்கல், இதை எப்படி அளப்பது? மில்லிகிராம்ல அளக்க முடியாது, ஏன்னா சாறு சுத்தமா இல்ல, ஒவ்வொரு தடவையும் அதோட வீரியம் மாறும். அதனால முயலைத் தராசா வெச்சாங்க! 24 மணி நேரம் பட்டினி போட்ட 2 கிலோ முயலுக்கு, வலிப்பு வர்ற அளவுக்குச் சர்க்கரையை இறக்க எவ்வளவு மருந்து தேவையோ, அது ஒரு யூனிட். மனுஷங்களுக்கு அது பெரிய அளவுங்கிறதால, அதில் மூணுல ஒரு பங்கை மருத்துவ யூனிட்டா எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கும் இன்சுலினுக்கு மில்லிகிராம் இல்லாம யூனிட்னு சொல்றதுக்குப் பின்னாடி அந்த முயல்தான் இருக்கு.

மருந்தைச் சுத்தம் பண்ணப் பண்ண, கெட்டியான பாட்டில்கள் வந்தன. மில்லிக்கு 20, அப்புறம் 40, அப்புறம் 80. இங்கேதான் பிரிட்டன்ல ஒரு வினோதம் நடந்தது. பாட்டில் மூணு விதம், சிரிஞ்ச் மட்டும் ஒரே விதம், மில்லிக்கு 20 கோடு. ஆக, ஒரு கோடுன்னா 20 பாட்டில்ல 1 யூனிட், 40 பாட்டில்ல 2, 80 பாட்டில்ல 4. டாக்டர் 40 யூனிட்னு எழுதினா, எந்த பாட்டில் கையில இருக்குன்னு பார்த்து 40 கோடா, 20 கோடா, 10 கோடான்னு நர்ஸ் முடிவு பண்ணணும்.

இதுல ஒரு பெரிய பொறி இருக்கு. நோயாளி வார்டுக்கு வர்றாரு. "நான் தினமும் 20 போடுவேன் சிஸ்டர்"னு சொல்றாரு. 20 யூனிட்டா, 20 கோடா? வீட்ல 80 பாட்டில் வெச்சு 20 கோடு போடுறவரா இருந்தா, அது 80 யூனிட். கேட்காம 20 யூனிட் போட்டா அவருக்குக் கால் பங்குதான் கிடைக்கும். சார்ட்ல இருக்கிற 20 யூனிட்டைக் கோடுன்னு நினைச்சு 80 பாட்டில்லிருந்து இழுத்தா நாலு மடங்கு. நைட் டியூட்டி முடியிற நேரத்துல, பக்கத்துல இன்னும் இருபது நோயாளிகள் காத்திருக்கிறப்போ, இந்தக் கணக்கை மனசுல போடச் சொல்றாங்க! இதை நர்ஸோட கவனக்குறைவுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. சிரிஞ்சையே தப்பா செஞ்சிருந்தாங்க.

தீர்வு ரொம்ப எளிமை. எல்லா பாட்டிலும் மில்லிக்கு 100, சிரிஞ்ச்லயும் 100 கோடு, ஒரு கோடு ஒரு யூனிட். அமெரிக்கா எழுபதுகளில் இதற்கு மாறத் தொடங்கியது. பிரிட்டன் 1983-ல் மாறியது. 1985-ல் இன்சுலின் பேனா வந்தது. நம்பரைத் திருப்பினா போதும், கணக்கே வேண்டாம்.

ஆனா எழுத்துலயும் ஆபத்து இருந்தது. யூனிட்டுக்குச் சுருக்கமா ஆங்கில 'யூ' எழுத்தைப் போடுவாங்க. அவசரத்துல அது பூஜ்யம் மாதிரி தெரிஞ்சா 10 யூனிட் 100 ஆயிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2004-ல் அந்தச் சுருக்கத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. முழு வார்த்தையா எழுதணும்.

நம்ம ஊர்ல 40 பாட்டில் இன்னும் புழக்கத்துல இருக்கு. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100. ரெண்டும் ஒரே ஃப்ரிட்ஜ்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கும். 40-ல ஒரு வசதியும் உண்டு. மருந்து நீர்த்து இருக்கிறதால ஒரு யூனிட்டோட அளவு பெரிசு. குழந்தைங்களுக்குச் சின்ன டோஸ் இழுக்க அது சுலபம்.

ஆக, நர்ஸிங் காலேஜ்ல சொல்லிக்கொடுக்கிற சூத்திரம் இன்னும் தேவைப்படுது. வேண்டிய அளவை, கையில இருக்கிற வீரியத்தால வகுக்கணும். ஐ.சி.யூ.வுல இன்சுலின் டிரிப் போடுறதையே எடுத்துக்கோங்க. 50 யூனிட் இன்சுலின், சலைனோட சேர்த்து மொத்தம் 50 மில்லி. 1 மில்லிக்கு 1 யூனிட்னு வரணும்னு யோசிச்சே அப்படி வெச்சிருக்காங்க. 100 பாட்டில்னா அரை மில்லி எடுத்தா முடிஞ்சது. 40 பாட்டில்னா 50-ஐ 40-ஆல வகுத்து, 1.25 மில்லி. சிவப்பு மூடி சிரிஞ்ச்ல அவ்வளவு கொள்ளாது. அதனால முதல்ல 40 கோடு, அப்புறம் 10 கோடு, ரெண்டு தடவை இழுக்கணும். இன்னொரு நர்ஸ் பக்கத்துல நின்னு பாட்டிலையும் சிரிஞ்சையும் சத்தமா படிச்சுச் சரிபார்ப்பாங்க. அப்புறம்தான் லேபிள்ல எழுதி ஒட்டுவாங்க: 1 மில்லி, 1 யூனிட்.